குரோஷியா கடலோரமா, மொராக்கோ கடலோரமா? மதில் ஊர்களுக்கு பத்து நாள் கார்ல போறவங்களுக்கு

தம்பி குடும்பம் வர்ற அக்டோபர்ல மதுரையில இருந்து எங்க வீட்டுக்கு, மியூனிக்குக்கு வராங்க. அவன், அவன் மனைவி, எட்டு வயசு பொண்ணு, கூட அவன் மாமியார். பத்து நாள் கார் எடுத்துட்டு அவங்களே சுத்தப் போறாங்க, பாரிஸ் சுவிஸ் எல்லாம் வேணாம்க்கா, சுத்தி மதில் இருக்கற பழைய ஊரும் பக்கத்துலயே கடலும் இருக்கற மாதிரி ஒரு ரூட் சொல்லுன்னு கேட்டான். எனக்கு உடனே ரெண்டு ரூட் ஞாபகம் வந்துச்சு, ரெண்டுமே நாங்க அம்மாவ கூட்டிட்டு போனது. 2023 மே மாசம் குரோஷியாவுல ஸாடர்ல ஆரம்பிச்சு டுப்ரோவ்னிக் வழியா மான்டினீக்ரோவுல இருக்கற கோட்டோர் வரைக்கும். 2024 அக்டோபர்ல மொராக்கோவுல டான்ஜியர்ல இருந்து அட்லாண்டிக் கடலோரமாவே எஸ்ஸவீரா வரைக்கும். ஃபோன்ல சொல்ல ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆகியும் முடியல, அதான் உக்காந்து எழுதிட்டேன், இதே குழப்பத்துல வேற யாராவது இருந்தா அவங்களுக்கும் ஆகட்டும்.

முதல்ல விசா, ஏன்னா இதுலயே பாதி முடிவு ஆயிடும். குரோஷியா 2023 ஜனவரி 1ல இருந்து ஷெங்கன்ல, அதாவது ஒரே விசாவுல பல ஐரோப்பிய நாட்டுக்கு போயிட்டு வர்ற ஏற்பாட்டுல, சேந்துடுச்சு, யூரோவும் வந்துடுச்சு, அதனால ஜெர்மனி விசா இருந்தா அப்படியே போயிட்டு வரலாம். ஆனா மான்டினீக்ரோ ஷெங்கன் இல்ல. செல்லுபடியாகற ஷெங்கன் விசா இருந்தா தனி விசா இல்லாமலே உள்ள விடுவாங்க, பிரச்சனை திரும்பி வர்றப்ப தான். உங்க விசா ஒரே தடவை உள்ள வர்ற விசாவா இருந்தா கோட்டோர் போன நிமிஷமே அது காலி, மறுபடி குரோஷியாவுக்குள்ள நுழைய முடியாது. அதனால அப்ளை பண்றப்பவே மல்டிபிள் என்ட்ரி கேட்டுடுங்க, கிடைக்கலன்னா கோட்டோர மறந்துடுங்க. மொராக்கோவுக்கும் இதே கதை தான், ஜெர்மனிக்கு வந்துட்டு அங்க போயி மறுபடி ஜெர்மனிக்கு வரணும்னா மல்டிபிள் என்ட்ரி வேணும். ஆனா சென்னையில இருந்து நேரா மொராக்கோ போறவங்களுக்கு ஷெங்கன் க்யூவே கிடையாது, இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்லயே இ-விசா குடுக்கறாங்க.

ரோடு ரெண்டு பக்கமும் நல்லா தான் இருக்கு, ஆனா ஓட்டற அனுபவம் வேற வேற. குரோஷியாவுல ஸாடர், ஷிபெனிக், ட்ரோகிர், ஸ்ப்ளிட் எல்லாம் பக்கம் பக்கம், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும். ஸ்ப்ளிட்ல இருந்து டுப்ரோவ்னிக் தான் கொஞ்சம் நீளம், 230 கிலோமீட்டர் பக்கம். முன்னாடி இந்த வழியில நியூம்ங்கற இடத்துல போஸ்னியா நாட்டோட சின்ன கடற்கரைத் துண்டு குறுக்க வரும், ரெண்டு தடவை பாஸ்போர்ட்ட நீட்டணும். 2022 ஜூலையில பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தாங்க, ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல நீளம், கடல் மேலயே போயி போஸ்னியாவ தொடாமலே இறங்கிடலாம். பழைய கடலோர ரோடு அழகுன்னா அழகு, ஒரு பக்கம் மொட்டைப் பாறை மலை, இன்னொரு பக்கம் நேரா கீழ கடல், ஆனா ஒதுங்கி நிக்க இடமே இருக்காது, பின்னாடி உள்ளூர் வண்டிக்காரங்க ஒட்டிக்கிட்டே வருவாங்க. வலது பக்கம் ஓட்டி பழக்கமில்லாதவங்க முதல் நாளே இந்த ரோட்டுல இறங்க வேணாம், மேல மோட்டார்வேல போயிட்டு மூணாவது நாள் கீழ வாங்க.

மொராக்கோவுல டான்ஜியர்ல இருந்து எஸ்ஸவீரா வரைக்கும் கடலோரமா மொத்தம் 700 கிலோமீட்டர் சொச்சம் வரும். டான்ஜியர், ரபாத், காசாபிளாங்கா, எல் ஜதீதா வரைக்கும் டோல் ரோடு, நம்ம நாற்கர சாலைய விட காலியா இருக்கும். எல் ஜதீதா தாண்டி வாலிதியா, சஃபி வழியா கடலோர ரோட்டுல போனா கழுதை வண்டி, தக்காளித் தோட்டம், ரோட்டோரம் மீன் விக்கற பசங்கன்னு மெதுவா தான் போக முடியும், அந்த மெதுவு எங்களுக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு. ஊருக்கு ஊர் போலீஸ் செக்போஸ்ட் இருக்கும், பலகைய பாத்ததும் வேகத்த நல்லா குறைச்சு, அவங்க கைய காட்டின அப்புறம் தான் நகரணும். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் ரெண்டு நாட்டுக்குமே மதுரையிலயே எடுத்துட்டு வந்துடுங்க.

காசாபிளாங்கா மட்டும் வேற கணக்கு, அந்த ஊருக்குள்ள கார் ஓட்டறது நிம்மதியான வேலை இல்ல. கடலோரத்துல 1993ல திறந்த ஹசன் மசூதி இருக்கு, முஸ்லிம் இல்லாதவங்களும் டிக்கெட் வாங்கி உள்ள போய் பாக்கலாம், அத மட்டும் பாத்துட்டு கிளம்பிடுங்க.

இப்ப ஊர்களுக்கு வரேன். டுப்ரோவ்னிக் மதில பத்தி யாரு என்ன சொன்னாலும் மிகை இல்ல. 1,940 மீட்டர் சுத்தளவு, சில இடத்துல 25 மீட்டர் உயரம், எங்கயும் அறுபடாம ஊர முழுசா வளைச்சு நிக்குது, மேலயே நடந்து ஒரு சுத்து வந்துடலாம். நாங்க போனப்ப ஆளுக்கு 35 யூரோ டிக்கெட், நாலு பேருக்கு போட்டுப் பாருங்க, ஒரு நாள் ஹோட்டல் செலவு. அப்படியும் போங்கன்னு தான் சொல்வேன். காலையில எட்டு மணிக்கு ஏறிடணும், பத்தரைக்கு மேல கப்பல்ல வந்த கூட்டம் ஏறிடும், மேல நிழலே கிடையாது. மேல இருந்து கூரைங்கள பாருங்க. சில கூரையில ஓடு பழுப்பும் சாம்பலுமா பாசி படிஞ்சு இருக்கும், பெரும்பாலானது பளிச்சுனு ஒரே செங்கல் ஆரஞ்சா இருக்கும். முதல்ல எனக்கு புரியல. அந்த புது ஓடு எல்லாம் யூகோஸ்லாவியா உடைஞ்சப்ப வந்த போர்ல, 1991-92 முற்றுகையில குண்டு விழுந்து உடைஞ்ச வீடுங்க. அது தெரிஞ்ச அப்புறம் கண்ணு கூரை கூரையா எண்ணிக்கிட்டே போச்சு, பழுப்பு ஓடு எவ்வளவு கம்மின்னு பாக்கறப்ப தொண்டை அடைச்சிடுச்சு. அம்மா ஒரு இடத்துல உக்காந்துட்டாங்க, கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

ஆனா கீழ இறங்கினா எனக்கு மனசு ஒட்டல, இத நேரா சொல்லிடறேன். 1667 பூகம்பத்துக்கு அப்புறம் ஒரே மாதிரி கட்டின வரிசை வீடுங்க, காலு வழுக்கற அளவுக்கு தேஞ்சு பளபளன்னு இருக்கற சுண்ணாம்புக்கல் தெரு, எல்லாம் கண்ணுக்கு விருந்து. வீட்டுக்குள்ள ஆள் இல்ல. 1991 வாக்குல மதிலுக்குள்ள அஞ்சாயிரம் பேர் இருந்திருக்காங்க, இப்ப ரெண்டாயிரத்துக்கும் ரொம்ப கீழ. மாடியெல்லாம் வாடகைக்கு விடற ரூம், கீழ எல்லாம் ஐஸ்கிரீம் கடை, காந்தம் ஒட்டற பொம்மைக் கடை. காலையில ஆறரைக்கு நான் தனியா ஒரு நடை போனேன், ஒரு பாட்டி காய்கறி மூட்டையோட படி ஏறிட்டு இருந்தாங்க, வேற யாரும் இல்ல, அந்த ஒரு காட்சி தான் அந்த ஊர்ல எனக்கு ஊரா தெரிஞ்சுது.

ஸ்ப்ளிட் அப்படி இல்ல. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பதவிய விட்டுட்டு வந்து உக்கார, 305 வாக்குல கட்டி முடிச்ச அரண்மனை, அதுக்குள்ள தான் ஊரே இருக்கு. அரண்மனைச் சுவர்லயே ஜன்னல் போட்டு துணி காயப் போட்டிருக்காங்க, அவர் சமாதி இப்ப சர்ச், எகிப்துல இருந்து கொண்டாந்த ஸ்பிங்ஸ் ஒண்ணு முற்றத்துல கருப்பா உக்காந்திருக்கு, அது பக்கத்துலயே பசங்க ஃபுட்பால் உதைச்சுட்டு இருந்தாங்க. டுப்ரோவ்னிக்ல ஒரு ராத்திரிய குறைச்சு இங்க போடுங்க. ட்ரோகிர் சின்ன தீவு, அரை நாள் போதும். ஸாடர்ல கடல் அலை அடிச்சா படிக்கட்டுக்கு கீழ குழாய் வழியா சத்தம் வர்ற மாதிரி 2005ல ஒண்ணு கட்டியிருக்காங்க, குழந்தைங்க அங்கயே உக்காந்துடும்.

இந்த ரூட்ல யாரும் சரியா சொல்லாத ஊர் ஸ்டோன். டுப்ரோவ்னிக்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. ஊர் சின்னது, மதில் மட்டும் அஞ்சு கிலோமீட்டருக்கு மேல, மலை மேல ஏறி அந்தப் பக்கம் இருக்கற மாலி ஸ்டோன் வரைக்கும் போகுது. எதுக்கு இவ்வளவு பெரிய மதில்னு பாத்தா, உப்புக்கு. கீழ பாத்தி பாத்தியா உப்பளம், நம்ம வேதாரண்யத்துல பாக்கற மாதிரியே, இன்னிக்கும் உப்பு எடுக்கறாங்க. டுப்ரோவ்னிக் ஒரு தனி வணிகக் குடியரசா இருந்த காலத்துல உப்பு தான் பெரிய வருமானம், அத காக்கறதுக்கு தான் மலைய சுத்தி கல்ல அடுக்கியிருக்காங்க. டிக்கெட்டும் கம்மி, கூட்டமும் கிடையாது. படி செங்குத்தா இருக்கும், முட்டி வலி இருக்கறவங்க கீழ உப்பளத்து பக்கம் உக்காந்துக்கலாம்.

கோட்டோர்ல மலையும் கடலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்ச மாதிரி இருக்கும், மதில் ஊருக்கு பின்னாடி மலை மேலயே ஏறி போகுது, உச்சிக்கு 1,350 படி. நம்ம ஆளுங்களுக்கு படி ஏறறது புதுசு இல்ல, ஆனா இங்க கைப்பிடி கிடையாது, கல்லு உருளும். பார்டர்ல ஆகஸ்ட்ல மணிக்கணக்கா நிக்க வேண்டி வரும், அக்டோபர்ல அவ்வளவு இருக்காது. வாடகை கார்னா, நாடு தாண்டலாம்னு எழுத்துல வாங்கிடுங்க, அதுக்கு தனியா காசும் கேப்பாங்க. எங்களுக்கு கார் குடுத்த கம்பெனி, திருப்பிக் குடுக்கறப்ப பம்பருக்கு அடியில ஒரு கீறல காட்டி டெபாசிட்ல இருந்து 200 யூரோ பிடிச்சுட்டாங்க, அது நாங்க எடுக்கறப்பவே இருந்ததா இல்லையான்னு சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்ல. அதுல இருந்து கார் எடுத்ததும் சுத்தி, அடியில, கண்ணாடி எல்லாம் வீடியோ எடுத்துடறோம், நீங்களும் எடுங்க.

மொராக்கோவுக்கு வரேன். டான்ஜியர்ல இறங்கினதும் எனக்கு வேற ஒரு காரணத்துக்கு சிலிர்த்துச்சு. உலகம் சுத்தின பயணி இப்னு பதூதா 1304ல பொறந்த ஊர் இது. அந்த மனுஷன் 1340கள்ல நம்ம மதுரைக்கு வந்திருக்காரு, சுல்தான்கள் ஆண்ட சமயம், ஊருக்குள்ள கொள்ளை நோய் பரவி ஜனங்க செத்துட்டு இருந்தத தன் பயணக் குறிப்புல சொல்லியிருக்காரு. மதுரைக்காரி நான் அவர் ஊர்ச் சந்துல நின்னுட்டு இருக்கேன், அம்மாகிட்ட சொன்னேன், அப்ப கப்பல்லயும் நடையாவும் எத்தன நாள் ஆகியிருக்கும்னு கேட்டுட்டே நடந்தாங்க.

அங்க இருந்து முக்கால் மணி நேரத்துல அசிலா. போர்ச்சுகீசியர் 1471ல பிடிச்ச ஊர், அவங்க கட்டின மதில் கடல்ல கால் வெச்ச மாதிரி நிக்குது, உள்ள வெள்ளச் சுவர், நீலக் கதவு. 1978ல இருந்து ஓவியர்கள கூப்பிட்டு தெருச் சுவர்ல எல்லாம் வரைய விடறாங்க. ரெண்டு மணி நேரத்துல முழு ஊரையும் நடந்துடலாம், ஆனா ஒரு ராத்திரி தங்கி சாயங்காலம் மதில் முனையில உள்ளூர் ஜனங்களோட சூரியன் இறங்கறத பாருங்க. அடுத்து ரபாத், தலைநகரம்னாலும் அமைதியான ஊர், ஆறு கடல்ல சேர்ற இடத்துல பாறை மேல உதாயா கோட்டை. வயசானவங்களுக்கு நடக்க வசதி.

எல் ஜதீதாவோட கதைய பொண்ணுக்கு கண்டிப்பா சொல்லுங்க. போர்ச்சுகீசியர் வெச்ச பேர் மசகான். 1769ல சுல்தான் முகமது பின் அப்துல்லா முற்றுகை போட்டதும், கோட்டைக்கு வெடி வெச்சுட்டு ஊர் ஜனம் மொத்தமும் கப்பல் ஏறிட்டாங்க, கடைசியில பிரேசில்ல அமேசான் பக்கம் போயி புது மசகான்னு ஒரு ஊர் கட்டினாங்க. ஒரு ஊரே பெயர்ந்து கடல் தாண்டி போயிருக்கு. உள்ள பூமிக்கடியில ஒரு தண்ணித் தொட்டி இருக்கு, 25 தூணு, நடுவுல வட்டமா ஒரு ஓட்டை, அதுல இருந்து வெளிச்சம் விழுந்து தரையில விரலளவு தண்ணியில தூணெல்லாம் தலைகீழா தெரியும். மராமத்துக்குன்னு மூடியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, திறந்திருக்கான்னு முன்னாடியே விசாரிச்சுட்டு போங்க.

போர்ச்சுகீசியர விரட்டின அதே சுல்தான் 1760கள்ல கட்ட ஆரம்பிச்ச ஊர் தான் எஸ்ஸவீரா. கோர்னூன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வரைபடம் போட்டது, அதனால மத்த மொராக்கோ ஊர் மாதிரி சந்துக்குள்ள சந்தா சுத்த விடாது, தெரு நேரா ஒரு வாசல்ல இருந்து இன்னொரு வாசலுக்கு போகும். மாமியார் தனியா நடந்து போனாலும் தொலைஞ்சு போக மாட்டாங்க. கார மதிலுக்கு வெளியில விட்டுடணும், மஞ்ச சட்டை போட்ட காவல்காரர் ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு சில்லறை குடுக்கணும். பெட்டிய ஒரு தள்ளுவண்டிக்காரர் ஏத்திக்கிட்டு முன்னாடி ஓட, நாங்க பின்னாடி ஓடினோம். மதில் மேல வரிசையா பீரங்கி, கீழ பாறையில அலை மோதி முகத்துல சாரல் அடிக்குது. மதிலுக்கு அடியில இருக்கற அறைங்கள்ல தூயா மரத்துல பெட்டி செய்யறாங்க, தெரு முழுக்க அந்த மரவாசனை. துறைமுகத்துல நீலப் படகு நூறு இருக்கும், மத்தி மீன் கூடை கூடையா இறங்குது.

நான் தம்பிகிட்ட ரொம்ப நேரம் சொன்னது இத தான். எஸ்ஸவீராவுல எங்க ரூம் இருந்த சந்துல ஒரு ரொட்டி அடுப்பு, ஃபெர்ரான்னு சொல்றாங்க. வீட்டுல பிசைஞ்ச மாவ வட்டமா தட்டி ஒரு பலகையில வெச்சு, மேல துணி போத்தி, ஏழெட்டு வயசு பசங்க தலையில தூக்கிட்டு வந்து குடுத்துட்டு போறாங்க. அடுப்புக்காரர் ஒரு நீளத் துடுப்பால எல்லாத்தையும் ஒரே அடுப்புல தள்றாரு, எடுக்கறப்ப எந்த ரொட்டி எந்த வீடுன்னு சரியா அந்தந்த பலகையில வெக்கறாரு. மாவு மேல ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் போடற குத்து, கோடு எல்லாம் அவருக்கு அத்துபடி. அம்மா தினம் காலையில அங்க போயி நின்னாங்க. நம்ம தெருவுல மாவு மில்லுல தூக்குவாளி வரிசையா இருக்கும்ல, யார் வாளின்னு மில்லுக்காரர் பேர் கேக்காமலே குடுப்பாரேன்னாங்க. மூணாவது நாள் அவர் ஒரு சூடு ரொட்டிய பிச்சு அம்மா கையில குடுத்தாரு, ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொது மொழி கிடையாது.

எங்க மதுரையிலயும் மதில் இருந்துச்சுங்க. 1840 வாக்குல கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல தான் இடிச்சு, அகழிய தூத்து ரோடு போட்டாங்க, வெளிவீதியும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தது தான். விட்டவாசல்னு ஒரு பழைய கோட்டை வாசல் இன்னும் நிக்குது, அதுக்கு அடியில தினம் ஆட்டோ போகுது. அதனாலயோ என்னவோ, மதில விட மதிலுக்குள்ள யார் இருக்காங்கங்கறது தான் எனக்கு முக்கியமா படுது, அந்த வகையில எஸ்ஸவீரா எனக்கு டுப்ரோவ்னிக்க விட ஒரு படி மேல.

சாப்பாடு. மாமியார் சுத்த சைவம். குரோஷியாவுல பீட்சா, சீஸ் வெச்ச புரெக், கீரையும் உருளைக்கிழங்கும் சேத்து வேக வெச்ச பிளிட்வா, ஸ்ப்ளிட் பக்கம் கீரை வெச்ச சோபார்னிக் ரொட்டி. நாலு நாளைக்கு பரவால்ல, அஞ்சாவது நாள் சமையலறை இருக்கற ரூமா பாத்து சோறு வெச்சுட்டோம். மொராக்கோவுல காலையில மஸ்ஸெமன்னு ஒண்ணு, அடுக்கு அடுக்கா மடிச்சு தோசைக்கல்லுல போடறது, கண்ண மூடி சாப்பிட்டா பரோட்டா தான். மண்சட்டியில வேக வெக்கற காய்கறி தாஜின், பருப்பு, ஆலிவ், ரொட்டி எங்கயும் கிடைக்கும். ஹரீரா சூப்புல பெரும்பாலும் கறி இருக்கும், கேட்டுட்டு குடிங்க. மீன் சாப்பிடறவங்களுக்கு ரெண்டு பக்கமும் கொண்டாட்டம், மாலி ஸ்டோன்லயும் வாலிதியாவுலயும் சிப்பிய அப்பவே திறந்து குடுப்பாங்க.

செலவு மொராக்கோ தெளிவா கம்மி, தங்கறதுலயும் சாப்பாட்டுலயும் கிட்டத்தட்ட பாதில முடிஞ்சது எங்களுக்கு. ஆனா திர்ஹாம் பணமா கையில இருக்கணும், நிறைய இடத்துல கார்டு எடுக்க மாட்டாங்க. பேரம் பேசணும், ‘வழி காட்டறேன்’னு கூட வர்றவங்கள சிரிச்சுட்டே வேணாம்னு சொல்லி நகரணும், இது சிலருக்கு ரெண்டே நாள்ல சலிச்சுடும். குரோஷியாவுல இந்த தொல்லை எதுவும் கிடையாது. ரமலான் மாசத்துல போனா பகல்ல கடை மூடியிருக்கும், தேதி பாத்துக்கோங்க.

கடல்ல குளிக்கணும்ங்கறது தான் உங்க குழந்தைக்கு முக்கியம்னா பேச்சே இல்ல, குரோஷியா தான், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தண்ணி கண்ணாடி மாதிரி, அலையும் இருக்காது, ஆனா கூழாங்கல்லு குத்தும், ரப்பர் செருப்பு வாங்கிடுங்க. அட்லாண்டிக் தண்ணி ஜில்லுனு இருக்கும், இழுப்பும் ஜாஸ்தி, எஸ்ஸவீராவுல கோடை முழுக்க காத்து மணல வாரி அடிக்கும், அக்டோபர்ல கொஞ்சம் தணியும். ஆறு ஏழு நாள் தான் லீவுன்னாலும் குரோஷியா, ஸ்ப்ளிட்ல இருந்து டுப்ரோவ்னிக் வரைக்கும் மட்டும் வெச்சுக்கிட்டு ஸ்டோன்ல ஒரு ராத்திரி தங்குங்க.

தம்பிக்கு பத்து நாள் இருக்கு, அக்டோபர் நடுவுல வராங்க. அப்ப குரோஷியாவுல மழை ஆரம்பிச்சுடும், குளிக்கறதும் சந்தேகம், மாமியாருக்கு படியும் ஆகாது. அதனால மொராக்கோன்னு சொல்லிட்டேன். டான்ஜியர்ல ஒரு ராத்திரி, அசிலாவுல ஒண்ணு, ரபாத்ல ரெண்டு, எல் ஜதீதாவுல ஒண்ணு, வாலிதியாவுல ஒண்ணு, எஸ்ஸவீராவுல மூணு, பத்தாவது நாள் மூணு மணி நேரம் ஓட்டி மராகேஷ் ஏர்போர்ட்ல கார விட்டுட்டு ஃப்ளைட் ஏறிடலாம். ஒரு ஊர்ல எடுத்து வேற ஊர்ல விடறதுக்கு தனி சார்ஜ் வரும், நாலு கம்பெனியில கேட்டுட்டு புக் பண்ணுடான்னு சொல்லியிருக்கேன். அவங்க விசா மல்டிபிள் என்ட்ரியா வருதான்னு தான் இப்ப பாத்துட்டு இருக்கோம். வந்துடுச்சுன்னா அம்மாவும் கூட வரேன்னு சொல்லிட்டாங்க, ரொட்டி அடுப்புக்காரருக்கு குடுக்க மதுரையில இருந்து ஒரு டப்பா அதிரசம் கொண்டு வரச் சொல்லி தம்பி மனைவிகிட்ட ஏற்கனவே பேசியாச்சு.